வழியில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னையிலிருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து அமெரிக்காவில் இருந்த ஒரு சர்வருக்கு ஒவ்வோர் இரவும் சுமார் 8 ஜிபி கோப்புகளை அனுப்ப வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் காலை ஆறு மணிக்கும் அது முடிந்திருக்காது. எங்களிடம் இருந்தது 20 மெகாபிட் லீஸ்டு லைன். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. இணைப்பு தந்த நிறுவனத்திடம் புகார் செய்தோம். அவர்கள் வரைபடங்களை அனுப்பி, லைன் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது என்று பதில் எழுதினார்கள். எரிச்சலாக இருந்தாலும் அது உண்மைதான். எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த நகலெடுப்பு நொடிக்கு 2.1 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. ஒரு நாள் தற்செயலாக இரண்டு நகல்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டபோது, ஒன்றின் வேகத்தை மற்றொன்று பங்கு போட்டுக்கொள்ளாமல், இரண்டும் தனித்தனியே 2.1 மெகாபிட்டில் ஓடின. தடையாக இருப்பது பாதை அல்ல, அனுப்புகிறவரே ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று தேடத் தொடங்கித்தான் இணையத்தில் இரு கணினிகள் தரவைத் தொலையாமல் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறையான டிசிபியை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

இணைப்பு என்ற சொல்லே இங்கே நம்மை ஏமாற்றுகிறது. பழைய தொலைபேசியில் ஓர் அழைப்புக்கென்று ஒரு தடம் முழுவதுமாக ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாவிட்டாலும் அது அந்த இருவருக்கே சொந்தம். டிசிபியை வடிவமைத்த விண்ட் செர்ஃப்பும் பாப் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த ஏற்பாட்டில் அப்படிப்பட்ட தடம் எதுவும் கிடையாது. தரவு பாக்கெட்டுகளாக உடைக்கப்படுகிறது. நடுவிலிருக்கும் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரியையும் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, அதை மறந்துவிடுகிறது. வரிசையில் இடமில்லை என்றால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது, அதையும் பொதுவாக யாரிடமும் சொல்வதில்லை. டிசிபி இணைப்பு என்று நாம் சொல்வது இரு முனைக் கணினிகளின் நினைவகத்தில் இருக்கும் சில எண்கள் மட்டுமே. எந்த பைட் வரை அனுப்பினேன், எந்த பைட் வரை வந்து சேர்ந்ததாக ஒப்புகை கிடைத்தது, எதிர்முனை இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பவையே அந்த எண்கள். நடுவில் கம்பியைப் பிடுங்கி, சற்று நேரம் கழித்து மீண்டும் செருகினால், அந்த எண்கள் இருக்கும்வரை இணைப்பும் அப்படியே இருக்கும்.

இந்த எண்களை இரு தரப்பும் ஒத்துக்கொள்வதற்காகத்தான் தொடக்கத்தில் மூன்று பாக்கெட்டுகள் பரிமாறப்படுகின்றன. முதலாமவர் 32 பிட் நீளமுள்ள ஒரு தொடக்க வரிசை எண்ணைத் தேர்ந்து, சின் எனப்படும் பாக்கெட்டில் அனுப்புகிறார். இரண்டாமவர் அதற்கு ஒப்புகை தந்து, தம்முடைய தொடக்க எண்ணையும் அதே பாக்கெட்டில் சேர்த்து அனுப்புகிறார். முதலாமவர் அதற்கு ஒப்புகை தருகிறார். எண்ணை ஏன் ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது என்ற கேள்வி எனக்கு வெகுநாள் இருந்தது. முன்பு நடந்து முடிந்த ஓர் இணைப்பின் பாக்கெட் எங்கோ சுற்றித் தாமதமாக வந்து சேரும்போது, அதைப் புதிய இணைப்பின் தரவாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதே காரணம். இந்தச் சிக்கலை ஆராய்ந்து மூன்று படி முறையை 1975இல் வகுத்தவர் ரே டாம்லின்சன்; மின்னஞ்சல் முகவரியின் நடுவில் சுழிக் குறியைப் போட்டவரும் அவரே. இணைப்பை முடித்த பிறகும் முடித்தவரின் கணினி அந்த எண்களைச் சிறிது நேரம், லினக்ஸில் 60 நொடிகள், வைத்திருப்பதற்கும் இதே பயந்தான் காரணம்.

அந்த முதல் சின் பாக்கெட்டுகளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் எவ்வளவு தரவு வைக்கலாம் என்பது போன்ற சில விருப்பங்களை இரு தரப்பும் அதில்தான் தெரிவித்துக்கொள்கின்றன. அப்போது சொல்லத் தவறியதில் சிலவற்றை அந்த இணைப்பு முடியும்வரை சொல்ல முடியாது. என் 2.1 மெகாபிட்டின் விடை இங்கேதான் ஒளிந்திருந்தது.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்புவதை நினைத்துக்கொள்ளலாம். ஓர் அட்டை திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கடிதம் என்று வைத்துக்கொண்டால் வேலை நகராது. ஆகவே ஒப்புகை வராமலேயே இத்தனை கடிதங்கள் வழியில் இருக்கலாம் என்று ஓர் அளவை வைத்துக்கொள்கிறோம். டிசிபியில் அந்த அளவுக்குச் சாளரம் என்று பெயர். பெறுகிறவர் தம்மிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒவ்வோர் ஒப்புகையிலும் எழுதி அனுப்புகிறார். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793 என்ற தரநிலை ஆவணம் இதற்கென ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. சென்னையிலிருந்து அந்தச் சர்வருக்குப் போய்வரும் நேரம் கால் நொடி. கால் நொடிக்கு 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாதென்றால் நொடிக்கு எவ்வளவு என்று, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் வீதம் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.1 மெகாபிட் வரும். இந்த எல்லையை உயர்த்தும் வழி 1992இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. சாளர எண்ணை இத்தனை மடங்காகப் பெருக்கிக்கொள் என்று சின் பாக்கெட்டில் ஒரு விருப்பமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்திலிருந்த பழைய ஃபயர்வால் ஒன்று, தனக்குப் புரியாத அந்த விருப்பத்தைச் சின் பாக்கெட்டிலிருந்து துடைத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. இரு முனையும் ஒழுங்காக இருந்தன, பாதையும் காலியாக இருந்தது. அறிமுகப் பேச்சில் ஒரு சொல் காணாமல் போனதால் எட்டரை மணி நேரம் ஆனது.

இது வரை சொன்னது எளிய பாதி. பெறுகிறவருக்கு எவ்வளவு கொள்ளும் என்பதைப் பெறுகிறவரே சொல்லிவிடுகிறார். நடுவிலுள்ள வலையமைப்புக்கு எவ்வளவு கொள்ளும் என்பதை யார் சொல்வது? 1981இன் ஆவணத்தில் இந்தக் கேள்விக்குச் சரியான விடை இல்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டிசிபிக்கு மாறியபோதும் விடை இல்லை. பெறுகிறவர் எட்டு பாக்கெட் அளவுக்கு இடம் இருக்கிறது என்றால் எட்டையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதே அன்றைய வழக்கம்.

ஜான் நேகல் 1984 ஜனவரியிலேயே இதை எச்சரித்தார். அவர் அப்போது ஃபோர்டு கார் நிறுவனத்தின் விண்வெளிப் பிரிவில் வேலை பார்த்தார். அந்த நிறுவனத்துக்குள் ஓடிய வலையமைப்பில் கண்டதை ஆர்எஃப்சி 896 என்ற குறுகிய ஆவணமாக எழுதினார். வரிசைகள் நீளும்போது போய்வரும் நேரம் கூடுகிறது. அனுப்பியவர் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று எண்ணி அதையே மீண்டும் அனுப்புகிறார். இப்போது வரிசையில் ஒரே பாக்கெட்டின் பல நகல்கள் நிற்கின்றன. இந்த நிலைக்கு அவர் நெரிசல் சரிவு என்று பெயரிட்டார். அதில் மிகக் கவலைக்குரியதாக எனக்குப் படுவது, அது தானாகத் தீராது என்று அவர் சொன்னதுதான். மதகு முழுக்கத் திறந்திருக்கிறது, தண்ணீரும் பாய்கிறது, ஆனால் பாய்வதில் பெரும்பகுதி ஏற்கெனவே பாய்ந்த தண்ணீர் என்கிற விசித்திரமான நிலையில் வலையமைப்பு நிலைத்து நின்றுவிடும்.

1986 அக்டோபரில் அது நடந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதன் கீழே சரிவிலிருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடைவெளி 400 கெஜம். அந்த இரண்டுக்கும் இடையே தரவு செல்லும் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. 40 பிட் என்பது ஐந்து எழுத்து. நல்ல தட்டச்சர் ஒருவர் அடிக்கும் வேகம் அவ்வளவு இருக்கும். முன்பு 25 நொடியில் போன 100 கேபி கோப்பு, இப்போது ஐந்தரை மணி நேரம் எடுக்கும். அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், யுனிக்ஸின் பெர்க்லி வடிவத்தைப் பராமரித்துவந்த மைக் கேரல்ஸுடன் சேர்ந்து இதைத் தோண்டத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்த 1988ஆம் ஆண்டுக் கட்டுரை, என் கணிப்பில், இணையத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் பயன்பட்ட ஒன்று. புதிய கருவி எதையும் அது கேட்கவில்லை, ரவுட்டர்களை மாற்றச் சொல்லவில்லை. முனைக் கணினிகளின் நிரலில் சில வரிகளை மாற்றினால் போதும் என்றது.

அவர்கள் கண்ட முதல் தவறு காத்திருக்கும் நேரத்தில் இருந்தது. ஒப்புகை எப்போது வராவிட்டால் பாக்கெட் தொலைந்ததாகக் கொள்வது? பழைய முறை, போய்வரும் நேரத்தின் சராசரியை எடுத்து இரண்டால் பெருக்கிக்கொண்டது. வலையமைப்பில் சுமை கூடும்போது சராசரி மட்டும் கூடுவதில்லை; ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள ஏற்ற இறக்கம் அதைவிடப் பன்மடங்கு கூடுகிறது. வலையமைப்பு 30 சதவீதம் நிரம்பியதற்கு மேல் அந்த முறை ஈடுகொடுக்காது என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு மேல், தாமதமாக வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டைத் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்புவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். ஆகவே சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் அளந்து, அதன் நான்கு மடங்கைச் சேர்த்துக்கொள்ளும் முறை வந்தது. இன்றும் அதே கணக்குத்தான். இதே காலத்தில், பாக்கெட் ரேடியோவில் டிசிபியை ஓட்டிக்கொண்டிருந்த ஃபில் கார்ன் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் இன்னொரு ஓட்டையை அடைத்தார். மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை வந்தால் அது முதல் நகலுக்கா, இரண்டாவதற்கா என்று சொல்ல வழியில்லை. ஆகவே அந்த அளவையைக் கணக்கிலேயே சேர்க்காதே என்றார்.

இரண்டாவது மாற்றமே பெரியது. ஜேக்கப்சன் இதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட எண்ணம் ஒன்றே: சீராக ஓடும் இணைப்பில், ஒரு பாக்கெட் வெளியேறிய பிறகே இன்னொன்று உள்ளே போக வேண்டும். இறங்குபவர் இறங்கிய பிறகு ஏறுங்கள் என்று நடத்துநர் சொல்வதைப் போலத்தான். வெளியேறிவிட்டது என்பதை அனுப்புகிறவருக்குச் சொல்வது ஒப்புகை. குறுகலான இடத்தைக் கடந்த பாக்கெட்டுகள் அந்த இடத்தின் வேகத்துக்கு ஏற்ற இடைவெளியோடு பெறுகிறவரைச் சேர்கின்றன. ஒப்புகைகளும் அதே இடைவெளியோடு திரும்பி வருகின்றன. அவற்றின் தாளத்துக்கே அடுத்த பாக்கெட்டை விட்டால், எங்கோ நடுவிலிருக்கும், தன் வேகத்தைச் சொல்லாத அந்தக் குறுகலான பாதையின் வேகத்திலேயே அனுப்புகிறவர் தானாக இயங்குவார்.

ஆனால் இந்தத் தாளம் தொடங்குவதற்கு முதலில் சில பாக்கெட்டுகள் வழியில் இருந்தாக வேண்டும். அதற்காக அனுப்புகிறவர் நெரிசல் சாளரம் என்ற இரண்டாவது எண்ணை, எதிர்முனைக்குச் சொல்லாமல், தமக்குள் வைத்துக்கொள்கிறார். தொடக்கத்தில் அது 1. ஒப்புகை ஒன்று வந்தால் 2, அந்த இரண்டுக்கும் வந்தால் 4, பிறகு 8. ஸ்லோ ஸ்டார்ட் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பத்தே சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும் ஒன்றை மெதுவானது என்று அழைத்தது, அதற்கு முன் இருந்த கண்மூடித்தனத்தோடு ஒப்பிட்டால்தான் பொருந்தும். 2013இல் இந்தத் தொடக்க எண் 10 வரை இருக்கலாம் என்று உயர்த்தப்பட்டது. வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் இந்தப் பத்தை மனத்தில் கொள்வது நல்லது. பத்து பாக்கெட் என்பது 14,600 பைட். கால் நொடி தொலைவிலிருந்து 100 கேபி பக்கம் வர வேண்டுமானால் 10, 20, 40 என மூன்று சுற்று, அறிமுகத்துக்கு ஒரு சுற்று, மறையாக்கத்துக்குக் குறைந்தது ஒரு சுற்று என மொத்தம் ஒன்றேகால் நொடி ஆகும். வீட்டில் 40 மெகாபிட் இணைப்பை 300 மெகாபிட்டாக மாற்றினாலும் இந்த ஒன்றேகால் நொடி அப்படியேதான் இருக்கும்.

இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு ரவுட்டரின் வரிசை நிரம்பி, பாக்கெட் ஒன்று கீழே விழும். அதைத்தான் ஜேக்கப்சன் செய்தியாக எடுத்துக்கொண்டார். பாக்கெட் காணாமல் போனால் வழியில் நெரிசல் என்று பொருள், சாளரத்தைப் பாதியாக்கு. பிறகு ஒரு சுற்றுக்கு ஒன்று என மெல்லக் கூட்டு. மீண்டும் விழுந்தால் மீண்டும் பாதி. டாஹோ, ரீனோ என்று பெர்க்லி யுனிக்ஸ் வெளியீடுகளின் பெயரால் வழங்கும் வடிவங்களிடையே சில வேறுபாடுகள் உண்டு. ஒரே ஒப்புகை மூன்று முறை கூடுதலாக வந்தால் இடையில் ஒரு பாக்கெட் சேரவில்லை என்று கொண்டு, நேரம் முடியும்வரை காத்திராமல் உடனே மறுபடி அனுப்புவது டாஹோவிலேயே வந்தது; அப்படி அனுப்பிய பிறகு ஒன்றிலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்தே தொடர்வது ரீனோவில் வந்தது.

கூட்டும்போது ஒவ்வொன்றாக, குறைக்கும்போது பாதியாக என்பது ஏதோ எச்சரிக்கைக்காக எடுத்த முடிவுபோலத் தோன்றும். அதற்குள் ஓர் அழகு இருக்கிறது. டா-மிங் சூவும் ராஜ் ஜெயினும் 1989இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. ஒரே பாதையை இருவர் பகிர்கிறார்கள். பாதை தாங்குவது 100. முதலில் வந்தவர் 80 வைத்திருக்கிறார், பின்னால் வந்தவர் 20. வரிசை நிரம்புகிறது, இருவருக்கும் பாக்கெட் விழுகிறது, இருவரும் பாதியாக்குகிறார்கள்: 40, 10. இருவரும் ஒரே வேகத்தில் ஏறி மீண்டும் நூறைத் தொடும்போது 65, 35. மறுபடி பாதி, மறுபடி ஏற்றம்: 57.5, 42.5. பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் இருவருக்கும் உள்ள இடைவெளி பாதியாகிறது. கூட்டும்போது இடைவெளி மாறுவதில்லை. இருவரில் எவருக்கும் மற்றவர் இருப்பதே தெரியாது. பங்கு பிரித்துக்கொடுக்க நடுவர் இல்லை. இருந்தும் சமபங்கை நோக்கி நகர்கிறார்கள். இதையே கூட்டும்போது சதவீதமாகவும் குறைக்கும்போது சதவீதமாகவும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 80-20 கடைசிவரை 80-20 ஆகவே இருக்கும். ஆனால் இந்த நியாயம் போய்வரும் நேரம் இருவருக்கும் ஒன்றாக இருக்கும்வரைதான். பக்கத்து ஊர் சர்வரோடு பேசுபவர் தொலைதூரத்தாரைவிட விரைவாகச் சுற்று முடித்து விரைவாக ஏறிவிடுவார்.

காணாமல் போவது நெரிசலின் அடையாளம் என்ற அந்த ஊகம் 1988இன் கம்பிகளுக்குப் பொருந்தியது. கம்பியில் பாக்கெட் கெட்டுப்போவது அபூர்வம்; ஆகவே காணவில்லை என்றால் யாரோ இடமின்றிக் கீழே போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த முப்பது ஆண்டுகளில் அந்த ஊகம் இரு பக்கமும் பொய்த்தது. வைஃபையிலும் மொபைலிலும் அலை பலவீனமானால் நெரிசலே இல்லாமலும் பாக்கெட் தொலையும். டிசிபி காரணமின்றிப் பாதியாகும். இதை ரேடியோ இணைப்புகளே தங்களுக்குள் மறுபடி அனுப்பிப் பெருமளவு மறைத்துவிட்டன.

மறுபக்கம்தான் நெடுநாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நினைவகம் மலிவானதால் மோடம், ரவுட்டர் செய்கிறவர்கள் பஃபரை, அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் நினைவக இடத்தை, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பாக்கெட்டைக் கீழே போடாதிருப்பது நல்லதுதானே என்ற எண்ணம். நொடிக்கு ஒரு மெகாபிட் மட்டும் மேலே அனுப்பக்கூடிய இணைப்பின் முன்னால் ஒரு மெகாபைட் பஃபர் இருந்தால், அது நிரம்பி வழியும்வரை டிசிபிக்கு எந்தச் செய்தியும் வராது. அது கூட்டிக்கொண்டே இருக்கும். நிரம்பிய வரிசையின் கடைசியில் சேரும் பாக்கெட் எட்டு நொடி நிற்க வேண்டும். வீட்டில் ஒருவர் புகைப்படங்களை மேகக்கணினிக்கு ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்கித் திணறுவது இதனால்தான். நான் பல மாதம் அதற்கு வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜிம் கெட்டிஸ் 2010இல் தம் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு, பஃபர்ப்ளோட் என்ற பெயரைப் பரவச் செய்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைத் தந்தார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று பார்க்காமல், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்; நெடுநேரம் குறையாமல் இருந்தால் ஒன்றைக் கீழே போடு. வேண்டுமென்றே தொலைப்பதுதான் மருந்து, ஏனென்றால் அனுப்புகிறவருக்குப் புரியும் மொழி அது ஒன்றே. தொலைக்காமல், பாக்கெட்டின் மேல் ஒரு குறியிட்டு அனுப்பும் வழி ஒன்று 2001இலேயே தரநிலையானது. எல்லோரும் ஒத்துழைத்தால்தான் பயன் என்பதால் அது மெதுவாகவே பரவியது.

இதற்கிடையே பாதைகள் அகலமாகிவிட்டதால் ஒரு சுற்றுக்கு ஒன்று என்ற ஏற்றமும் போதவில்லை. நொடிக்கு 10 கிகாபிட், போய்வர 100 மில்லிநொடி உள்ள பாதையை நிரப்ப ஏறக்குறைய 83,000 பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பாக்கெட் தொலைந்து பாதியானால், பழைய உயரத்துக்கு ஒவ்வொன்றாக ஏற 41,000 சுற்றுக்கு மேல் ஆகும். அதாவது ஒரு மணி நேரத்துக்கும் அதிகம். வட கரோலினாவில் இன்ஜாங் ரீயும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய க்யூபிக் என்ற முறை, பாதியாக்காமல் 70 சதவீதமாகக் குறைக்கிறது. பிறகு கடைசியாக விழுந்த உயரத்தை நோக்கி வேகமாக ஏறி, அதை நெருங்கும்போது தயங்கி, அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் மீண்டும் வேகமெடுக்கிறது. எத்தனை சுற்று ஆயிற்று என்று பாராமல், விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை வைத்து ஏறுவதால் தொலைதூரத்தாருக்கு இருந்த பாதகமும் குறைகிறது. 2006 முதல் லினக்ஸில் இயல்பாக இருப்பது இதுவே.

கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை, பாக்கெட் தொலைவதையே முதன்மைச் செய்தியாகக் கொள்ளாமல், ஒப்புகைகள் வரும் வேகத்தையும் போய்வரும் நேரத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் அளந்து, வரிசை உருவாகும் முன்பே நிற்கப் பார்க்கிறது. அதை உருவாக்கியவர்களிலும் வான் ஜேக்கப்சன் ஒருவர். 1988இல் தாம் வைத்த ஊகத்தைத் தாமே கழற்றிவைத்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. ஆனாலும் பிபிஆரின் முதல் வடிவம் சிறிய பஃபர் உள்ள பாதையில் க்யூபிக்கோடு சேர்ந்து ஓடும்போது தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது. பாக்கெட் விழும்போது ஒருவர் விலகி நிற்க, மற்றவர் பொருட்படுத்தாமல் நின்றால் அப்படித்தான் ஆகும். அடுத்தடுத்த வடிவங்கள் அதைத் திருத்தவே முயல்கின்றன. 2021இல் தரநிலையான க்விக் என்ற புதிய விதிமுறை, டிசிபியை விட்டு விலகி, ஒப்புகையோ சாளரமோ இல்லாத எளிய விதிமுறையான யூடிபியின் மேல் ஓடினாலும் இந்தச் சாளரக் கணக்கை அப்படியே கூட எடுத்துச்சென்றது.

லினக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. திறந்திருக்கும் ஒவ்வோர் இணைப்பின் நெரிசல் சாளரத்தையும் அது எண்ணாகக் காட்டும். சென்ற வாரம் ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதை நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். 10 என்று தொடங்கியது, சில நொடிகளில் இருநூறைத் தாண்டியது, 212இல் சற்று நின்றது. அடுத்த நொடியில் 148. எங்கோ ஒரு ரவுட்டரில் என் பாக்கெட் ஒன்று விழுந்திருக்க வேண்டும். எந்த நாட்டில், யாருடைய ரவுட்டரில் என்று என் கணினிக்குத் தெரியாது. அது கேட்கவும் இல்லை. 149, 153, 160 என்று மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.